கணக்கேடும் ஒட்டுப் போர்வையும்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்பகுதியில் அலபாமா என்னும் மாநிலம் உள்ளது. அம்மாநிலத்தின் பெயரையே தாங்கிய ஆறு, ஓரிடத்தில் குதிரை லாடம் போல் வளைந்து, மூன்று புறமும் நீர் சூழ்ந்த நிலப்பகுதி ஒன்றை அணைத்துச் செல்கின்றது. அவ்வளைவின் உட்புறம் அமைந்த சிற்றூருக்குக் கீஸ் பெண்ட் என்று பெயர். ‘கீ என்பாருடைய வளைவு’ என்பது அதன் பொருள். 1949-ஆம் ஆண்டில் பாய்க்கின் எனப் பெயர் மாற்றப்பட்ட பின்னரும் பழைய பெயரே மக்கள் நாவில் வழங்கி வருகின்றது.

இவ்வூர்க் கறுப்பின மக்களின் வாழ்க்கையை அறிதற்கு இருவகைச் சான்றுகள் உள. ஒன்று, நிலமுடையாரும் வணிகரும் எழுதி வைத்த கணக்கு. மற்றொன்று, இவ்வூர்ப் பெண்கள் குளிர்காலந்தோறும் கிழிந்த துணிகளைக் கொண்டு தைத்த ஒட்டுப் போர்வை. ஆங்கிலத்தில் இதனைக் குவில்ட் என்பர். முன்னதில் குடும்பத் தலைவனின் பெயரும் அவன் பட்ட கடனும் காணப்படும். பின்னதிலோ அக்குடும்பத்தின் உழைப்பும் உறவும் காணப்படும். இவ்விரண்டையும் ஒருங்கே வைத்துப் பார்த்தாலன்றி அவ்வூரின் வரலாறு முழுமை பெறாது.

பெயரும் விலைப்பொருளே

1816-ஆம் ஆண்டில் ஜோசப் கீ என்னும் வெள்ளையர் வட கரோலினாவிலிருந்து அடிமைகளை அழைத்து வந்து இங்குப் பருத்திப் பண்ணை அமைத்தார். அவருக்குப் பின் அப்பண்ணை அவர் உறவினர் கைக்கு வந்தது. அவர்கள் பட்ட 29,000 டாலர் கடனைத் தீர்க்கும் பொருட்டு, 1845-இல் பண்ணையும் அதிலிருந்த அடிமைகளும் மார்க் பெட்வே என்னும் மற்றோர் உறவினருக்கு உரிமையாயின. மண்ணும் மாடும் கைமாறியவாறே மனிதரும் கைமாறினர். மறு ஆண்டில் பெட்வே, வட கரோலினாவிலிருந்து தம் குடும்பத்தோடு ஏறத்தாழ நூறு அடிமைகளையும் கொண்டு இங்குக் குடியேறினார். குடும்பத்தார் வண்டிகளில் வர, அடிமைகள் பல நூறு மைல் தூரத்தைக் கால்நடையாகவே கடந்தனர்.

உடையவரின் பெயரே அடிமைகளுக்கும் பெயராயிற்று. இன்றும் அவ்வூரில் பெட்வே என்னும் குடும்பப் பெயர் பெருவழக்காக உள்ளது. அப்பெயர் உடையார் எல்லாரும் குருதியுறவினர் அல்லர். ஒருகாலத்தில் ஒருவர் உடைமையாக இருந்தோரின் வழியினர் என்பதையே அப்பெயர் காட்டுகின்றது.

கடனொடு வரும் இளவேனில்

1865-ஆம் ஆண்டில் அடிமைத்தளை அறுந்தது. ஆயினும் நிலம் பழைய உடைமையாளர் கையிலேயே தங்கிற்று. விடுதலை பெற்றோர் அதே மண்ணில் குத்தகை உழவராயினர். குத்தகையைப் பணமாக அன்றிப் பருத்திப் பொதிகளாகவே செலுத்தினர்.

அவர்தம் ஆண்டு எவ்வாறு சென்றது என்பதை அறிதல் வேண்டும். குளிர் தணிந்து இளவேனில் தோன்றும்போது நிலம் உழப்படும். ஏப்பிரல் திங்களை ஒட்டிப் பருத்தி விதைக்கப்படும். கோடையில் களையெடுப்பும், ஆகஸ்டு முதல் இலையுதிர் காலம் முடியப் பஞ்செடுப்பும் நிகழும். விதைப்பிற்கும் அறுவடைக்கும் இடைப்பட்ட மாதங்களில் கையில் காசு இராது. எனவே விதை, உரம், மாவு, உப்பு, துணி ஆகியவற்றை உழவர் வணிகரிடம் கடனாகப் பெறுவர். பஞ்சு விற்றபின் கடனும் வட்டியும் கழிக்கப்படும். கணக்கெழுதும் கை வணிகருடையது. விலை கூறும் வாயும் அவருடையதே. உழவர் பிள்ளைகளுக்கோ பள்ளிக்கூடம் வயல்வேலை இல்லாத சில மாதங்களுக்கு மட்டுமே. ஆதலின் ஏட்டில் எழுதியதைப் படித்துச் சரிபார்க்கும் ஆற்றல் பெரும்பாலோர்க்கு வாய்க்கவில்லை. ஒவ்வோர் இளவேனிலும் புதிய விதையோடு புதிய கடனையும் கொணர்ந்தது.

குளிர்காலத் தையல்

பஞ்செடுப்பு முடிந்து மீண்டும் ஏர் பூட்டும் வரையுள்ள இடைவெளியே பெண்களுக்குத் தையற் காலம். அலபாமா நாடு வடமாநிலங்களைப் போலப் பனிக்கட்டியால் மூடப்படுவதன்று. எனினும் தைத் திங்கள் இரவுகளில் நீர் உறையும் அளவிற்குக் குளிர் இறங்குவதுண்டு. வீடுகளோ மரக்கட்டைகளை அடுக்கி, இடுக்குகளை மண்ணால் அடைத்த குடில்கள். காற்றைத் தடுக்கும் பொருட்டுச் செய்தித்தாள்களையும் பழைய இதழ்களையும் மாவுப் பசையால் உட்சுவரில் ஒட்டி வைத்தனர். ஓர் அறையின் கணப்பே வீடு முழுவதற்கும் வெம்மை தர வேண்டியிருந்தது. பிள்ளைகள் பலர் ஒரே படுக்கையில் நெருங்கிக் கிடந்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பல போர்வைகளைப் போர்த்து உறங்கினர். ஆகவே இப்போர்வை அழகிற்காகத் தோன்றியதன்று. குளிரிலிருந்து குழந்தையைக் காக்கத் தோன்றியது.

போர்வை மூன்று அடுக்கினது. மேலடுக்கு, கிழிந்த ஆடைகளின் பயன்படு பகுதிகளை வெட்டி இணைத்தது. நடுவடுக்கு பஞ்சு. கீழடுக்கு பெரும்பாலும் மாவுப் பையோ உரச் சாக்கோ பிரித்து வெளுத்த துணி. நடுவே பரப்பும் பஞ்சும் விலைகொடுத்து வாங்கியதன்று. வயலில் எஞ்சியதையும், கொட்டை பிரிக்கும் ஆலையின் தரையில் சிதறியதையும் திரட்டிக் கோலால் அடித்து நெகிழச் செய்து பரப்புவர். மூன்றடுக்கையும் மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, ஊசியை மேலும் கீழும் செலுத்தி நெருக்கமாகத் தைத்தால் பஞ்சு இடம்பெயராது நிற்கும்.

மேலடுக்கைத் துண்டுகூட்டி அமைப்பது அவரவர் தனிவேலை. சட்டத்தில் இட்டுத் தைப்பதோ கூட்டு வேலை. அண்டை வீட்டுப் பெண்கள் சட்டத்தைச் சுற்றி அமர்ந்து, பாடியும் பேசியும் ஊசி ஓட்டுவர். சிறு பெண்கள் ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தும், சட்டத்தின் அடியில் விளையாடியும் அத்தொழிலைக் கற்றனர். தாயிடமிருந்து மகளுக்கும், பாட்டியிடமிருந்து பேத்திக்கும் வந்த கல்வி இது.

அச்சிட்ட மாதிரிகளைப் பார்த்து அப்படியே தைப்பதை இவர்கள் பெருமையாகக் கொள்ளவில்லை. நடுவே ஒரு சதுரத் துண்டை வைத்து, அதனைச் சுற்றிச் சுற்றிப் பட்டைகளை இணைத்து வளர்க்கும் முறை ஒன்று உண்டு. கூரையை மேலிருந்து நோக்கினாற் போன்ற தோற்றத்தால் அதற்கு ‘வீட்டுக்கூரை’ என்று பெயரிட்டனர். அம்முறை ஒன்றே, ஆயினும் ஒருத்தி தைத்தது போல் மற்றொருத்தி தைப்பதில்லை. இருக்கும் துண்டு சிறிதாயின் கோடு வளையும். நீலம் தீர்ந்தால் சிவப்பு நுழையும். இல்லாமை தந்த இடையூற்றையே அப்பெண்கள் தம் விருப்பத்திற்கு இசைய வளைத்துக் கொண்டனர்.

துவைத்த போர்வைகளைக் கொடியில் உலர்த்தும்போது, வழிச்செல்லும் பெண்கள் நின்று நோக்கிப் புதிய அமைப்பைக் கண்டு செல்வர். காட்சிச் சாலை இல்லாத அவ்வூரில் துணிக்கொடியே காட்சிச் சாலையாக இருந்தது.

1932-ஆம் ஆண்டு நிகழ்ச்சி

1920-களில் பருத்தி விலை சரியத் தொடங்கி, 1931-இல் இராத்தல் ஒன்றிற்கு ஏறத்தாழ 6 சென்ட் என்னும் அளவிற்குத் தாழ்ந்தது. ஆற்றின் அக்கரையில் உள்ள கேம்டன் நகர வணிகர் ஒருவர், இவ்வூர்க் குடும்பங்கள் பலவற்றிற்குக் கடன் கொடுத்து வந்தார். 1932-இல் அவர் இறக்கவே, அவர் குடும்பத்தார் கடன் முழுவதையும் உடனே தீர்க்குமாறு கேட்டனர். கொடுக்க வழியில்லை. ஆயுதம் தாங்கிய ஆட்கள் வந்து, அறுபதுக்கும் மேற்பட்ட குடும்பங்களின் கோவேறு கழுதை, பசு, பன்றி, கோழி, கலப்பை, வண்டி, சேமித்த தானியம் ஆகியவற்றை வாரிச் சென்றனர். கணக்கேட்டின்படி அது கடன் வசூல். அக்குடும்பங்களுக்கோ, குளிர்காலத்தை எதிர்நோக்கி நின்ற வேளையில் உணவும் அடுத்த இளவேனிலின் உழவும் ஒருசேரப் பறிபோயின. செஞ்சிலுவைச் சங்கம் அனுப்பிய மாவும், காட்டிலும் ஆற்றிலும் கிடைத்தவையும் கொண்டு அவர்கள் உயிர் தாங்கினர்.

பின்னர் ரூஸ்வெல்ட் அரசாங்கம் இவ்வூரின் மீது கருத்துச் செலுத்தியது. 1937-இல் ஆர்தர் ரோத்ஸ்டைன் என்பார் அரசாங்கத்தின் சார்பில் வந்து எடுத்த ஒளிப்படங்கள் புகழ் பெற்றவை. ஏறத்தாழ 10,000 ஏக்கர் நிலத்தை அரசாங்கமே வாங்கிப் பிரித்து, வீடு கட்டவும் நிலம் வாங்கவும் குறைந்த வட்டியில் கடன் அளித்தது. அடிமைகளின் பேரர் பலர் 1940-களில் முதன்முறையாகச் சொந்த நிலம் உடையவராயினர்.

மறைந்தவரின் உடை

இக்காலத்தில் தைக்கப்பட்ட போர்வைகளுள் ஒன்று தனித்துக் கூறத்தக்கது. மிசௌரி பெட்வே என்னும் அம்மையார், தம் கணவர் மறைந்தபின் 1942-இல் அதனைத் தைத்தார். கணவர் வயலில் அணிந்த உடைகளே அதன் மேலடுக்கு. அவரை நினைவில் வைத்துக் கொள்ளவும், அன்போடு போர்த்துக் கொள்ளவும் அதனைத் தைக்கப் போவதாகத் தாயார் கூறியதை, உடைகளைக் கிழிக்கத் துணை நின்ற மகள் ஆர்லோன்சியா பிற்காலத்தில் எடுத்துரைத்துள்ளார்.

அத்தகைய உழைப்பாடைப் போர்வைகளை நோக்கினால், மண்டியிட்டு வேலை செய்த முழங்கால் பகுதி வெளுத்திருக்கும். பை தைத்திருந்த இடம் வெயில் படாமையால் கருநீலமாகவே நிற்கும். ஒட்டுப் போட்ட இடமும், வியர்வைக் கறையும் மறையா. ஒரு மனிதன் எவ்வாறு உழைத்தான் என்பதை அவன் உடை சொல்கின்றது. அவனை யார் நேசித்தார் என்பதைத் தையல் சொல்கின்றது. அவன் கொடுக்க வேண்டிய தொகையைத் தவிர வேறொன்றையும் கணக்கேடு சொல்லவில்லை.

போர்வை நிலமாயிற்று

1960-களில் வாக்குரிமைப் போராட்டம் எழுந்தது. இவ்வூரார் கேம்டன் சென்று வாக்காளராகப் பதிய முயன்றனர். அதனையடுத்து, 1962-இல் ஆற்றைக் கடக்கும் படகுப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. எதிரே தெரியும் நகரத்தை அடைய ஒரு மணி நேரம் சுற்றிச் செல்ல நேர்ந்தது. படகு மீண்டும் ஓடியது 2006-இல்தான். 1965 பெப்ருவரியில் மார்ட்டின் லூதர் கிங் இங்கு வந்து உரையாற்றினார். பதிவு செய்ய முயன்றோர் பலர் வேலையையும் குடியிருப்பையும் இழந்தனர்.

அவ்வாண்டின் இறுதியில் பிரான்சிஸ் வால்ட்டர் என்னும் பாதிரியார் இவ்வட்டாரத்தில் கொடியில் உலர்ந்த போர்வைகளைக் கண்டு வியந்தார். அவற்றைத் திரட்டி நியூயார்க்கில் ஏலமிடச் செய்தார். 1966 மார்ச்சுத் திங்களில், அதாவது இளவேனில் தொடங்கும் வேளையில், ‘விடுதலைப் போர்வைத் தையலர்’ எனப் பொருள்படும் பெயருடன் பெண்களின் கூட்டுறவு ஒன்று தோன்றியது. அக்கூட்டுறவு 23 ஏக்கர் நிலம் வாங்கி, தையற்கூடம் அமைத்ததோடு, வெளியேற்றப்பட்ட குடும்பங்களுக்கு வீட்டு மனைகளையும் விற்றது. இம்முறை கணக்கெழுதிய கை, தைத்த பெண்களின் கை.

வாணிகம் தனக்குரிய கட்டளையையும் விதித்தது. 1972-இல் பெருங்கடை நிறுவனமான சியர்ஸ், கார்டுராய்த் துணியில் தலையணை உறைகள் தைத்துத் தருமாறு ஒப்பந்தம் செய்தது. ஒன்றுபோல் ஒன்று இருத்தல் வேண்டும் என்பது அத்தகைய வேலையின் விதி. பெண்கள் அவ்விதிக்கு உட்பட்டுக் கூலி பெற்றனர்; எஞ்சிய கார்டுராய்த் துண்டுகளை வீட்டிற்குக் கொண்டு சென்று, தம் விருப்பம் போல் போர்வை தைத்துக் கொண்டனர். 2002-இல் ஹூஸ்டன் நகர அருங்கலைக் காட்சிச் சாலையிலும், தொடர்ந்து நியூயார்க் விட்னி காட்சிச் சாலையிலும் இவ்வூர்ப் போர்வைகள் சுவரில் தொங்கவிடப்பட்டபோது, கலையறிஞர் அவற்றைப் புதுக்கால ஓவியத்தோடு ஒப்பிட்டுப் பாராட்டினர். 2006-இல் அவற்றின் வடிவங்கள் அமெரிக்க அஞ்சல் தலைகளிலும் இடம் பெற்றன.

அப்பாராட்டு தகுதியானதே. எனினும் சுவரில் தொங்கும் போர்வையைக் காண்போர், அது ஒரு காலத்தில் உறங்கும் பிள்ளைகளின் மேல் கிடந்தது என்பதை மறத்தல் ஆகாது. வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்க்கும் இதில் ஒரு பாடம் உண்டு. ஏட்டில் எழுதப்பட்டதை மட்டும் சான்றாகக் கொள்வோமாயின், எழுதும் வாய்ப்பு மறுக்கப்பட்டோர் என்றும் கடனாளிகளாகவே நம் முன் நிற்பர். அவர்கள் கையால் செய்தவற்றையும் சான்றாகக் கொள்ளும்போதுதான், கணவனாகவும் மனைவியாகவும், தாயாகவும் மகளாகவும் அவர்களை அறிந்து கொள்கின்றோம்.