"எடுத்துக்கோங்க" என்று சொன்னால் போதுமா?

போன மாசம் பரணில் கிடந்த பழைய கணினியைப் பிரித்துப் பார்த்தேன். அதன் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு சின்ன நிரல் கிடைத்தது. 2001இல் யாரோ எழுதிப் பகிர்ந்தது. திஸ்கி குறிமுறையில் இருக்கும் தமிழை யூனிகோடுக்கு மாற்றித் தரும். 400 வரிகூட இருக்காது. மேலே கமெண்டில் ஒரு புனைபெயர், ஒரு மின்னஞ்சல் முகவரி, கீழே ஒரே வரி: "நண்பர்களே, எடுத்துக்கோங்க."

பழைய தமிழ்க் கோப்புகளை மாற்ற ஒரு இலவசக் கருவி செய்துகொண்டிருக்கும் தம்பி ஒருவர் ஊரப்பாக்கத்தில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருக்கிறார். அவரிடம் ஆசையாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "லைசென்ஸ் எங்கே அண்ணா?"

"அதான் எடுத்துக்கோங்கன்னு போட்டிருக்காரே!"

"அது லைசென்ஸ் இல்லண்ணா. என்னால சேர்க்க முடியாது."

எனக்குக் கொஞ்சம் கோபம்தான். கொடுத்தவரே கொடுத்துவிட்டார், நடுவில் சட்டம் எதற்கு? அந்த மின்னஞ்சலுக்கு எழுதிப் பார்த்தேன். முகவரி எப்போதோ செத்துப்போயிருந்தது. அதன் பிறகுதான் இந்த விஷயத்தின் வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அந்தக் குறிப்புகள்தான் இவை.

எங்கள் பக்கம் நிலம் வாங்கி விற்காதவர்கள் குறைவு, அதனால் நிலத்தை வைத்தே சொல்கிறேன். ஒரு மனைக்கு வேலி இல்லை, பத்து வருஷமாக யாரும் வரவில்லை என்பதால் அது புறம்போக்கு ஆகிவிடாது. யார் பேரிலோ பட்டா இருக்கும். நிரலும் அப்படித்தான். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957ஆம் ஆண்டுடையது. கணினி நிரல்கள் 1984 திருத்தத்தில் 'இலக்கியப் படைப்பு' என்ற வகைக்குள் வந்தன. எழுதி முடித்த உடனே உரிமை எழுதியவருக்கு வந்துவிடும். பதிவு செய்ய வேண்டாம், 'உரிமை பெற்றது' என்று போடவும் வேண்டாம். ஆயுளும் அதன்பின் 60 ஆண்டுகளும் அது நீடிக்கும். எழுதியவர் யாரென்று தெரியாத புனைபெயர்ப் படைப்பு என்றால், வெளியான ஆண்டுக்குப் பிறகு 60 ஆண்டு. ஆக, என் கையில் இருக்கும் அந்த 400 வரிக்கு 2061 முடியும் வரை பட்டாதாரர் உண்டு. ஆளைத்தான் காணோம்.

அமெரிக்காவில் ஒரு காலத்தில் வேறு மாதிரி இருந்தது. பதிப்புரிமைக் குறிப்பு போடாமல் வெளியிட்டால் அது பொதுச் சொத்தாகிவிடக்கூடும். பெர்ன் ஒப்பந்தத்தில் அமெரிக்கா சேர்ந்து, 1989 மார்ச் 1 முதல் அந்த விதி போனது. அங்கேயும் எதுவும் எழுதாவிட்டால் எல்லா உரிமையும் எழுதியவருக்கே என்றாகிவிட்டது. இதற்கு நாலே நாள் முன்பு, பிப்ரவரி 25 அன்று, ரிச்சர்ட் ஸ்டால்மன் ஜி.பி.எல். உரிமத்தின் முதல் பதிப்பை வெளியிட்டிருந்தார்.

அவர் ஏன் அதை எழுதினார் என்பதற்குப் பின்னாலும் ஒரு "எடுத்துக்கோங்க" கதை இருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் ஜேம்ஸ் காஸ்லிங் ஈமாக்ஸ் என்ற எடிட்டரின் ஒரு வடிவத்தை எழுதி, கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துவந்தார். (பின்னாளில் ஜாவா மொழியை உருவாக்கியவர் இவர்தான்.) ஸ்டால்மன் தன் குனு ஈமாக்ஸில் அதன் சில பகுதிகளைச் சேர்த்தார். அனுமதி இருக்கிறது என்று நண்பர் ஒருவர் சொன்னதை நம்பித்தான் சேர்த்தார். ஆனால் காஸ்லிங் தன் நிரலை யூனிபிரஸ் என்ற நிறுவனத்துக்கு விற்றிருந்தார். அந்த நிறுவனம் ஆட்சேபித்ததும், 1985இல் ஸ்டால்மன் அந்தப் பகுதிகளையெல்லாம் தூக்கிவிட்டுத் திரும்ப எழுத வேண்டியிருந்தது. வாய்வழி அனுமதியின் மதிப்பு அவருக்கு அப்போது புரிந்தது. அடுத்து ஈமாக்ஸுக்கென்று தனி உரிமம் எழுதினார். அதுவே பின்பு எல்லா நிரலுக்கும் பொருந்தும் ஜி.பி.எல். ஆனது.

சரி, தமிழுக்கு வருவோம்.

1990களில் கணினித் தமிழ் என்பது ஆளுக்கொரு குறிமுறை. ஒவ்வொரு எழுத்துரு நிறுவனமும், பல பத்திரிகைகளும் சொந்தமாக ஒன்று வைத்திருந்தன. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கப் பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சல் வழியாகவே கூடிப் பேசி உருவாக்கியது திஸ்கி. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்ற இரண்டு குறிமுறைகளைத் தமிழ்நாடு அரசு முன்வைத்தது. பிறகு யூனிகோடு பரவியது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் சின்னச் சின்ன நிரல்கள் இந்த இடைவெளியில்தான் முளைத்தன. வேலை முடித்து வீடு திரும்பிய பொறியாளர்களும் மாணவர்களும் ராத்திரி உட்கார்ந்து எழுதியவை. யாரும் காசு கேட்கவில்லை. உரிமம் என்ற சொல்லே பலருக்குத் தோன்றவில்லை. நண்பர்களுக்குள் என்ன பத்திரம் என்ற நினைப்புதான்.

அதே காலத்தில் உரிமத்தைப் பற்றி யோசித்தவர்களும் இருந்தார்கள். 'தமிழா' குழுவின் இ-கலப்பை நினைவிருக்கிறதா? நம்மில் பாதிப் பேர் யூனிகோடில் முதன்முதலாகத் தட்டச்சு செய்தது அதில்தான். அதன் தொடக்கப் பதிப்புகள் கீமேன் என்ற வணிக மென்பொருளின் எஞ்சின் மேல் ஓடின. நம் கலப்பை, ஆனால் மாடு அடுத்தவருடையது! பிற்பாடு கீமேன் இல்லாமலே ஓடும்படி, திறமூலமாகப் புதிதாக எழுதினார்கள்.

இன்னொன்று லோகித் எழுத்துரு. தமிழ் உட்படச் சில இந்திய மொழிகளுக்கான இந்த எழுத்துருக்களை ரெட் ஹேட் நிறுவனம் 2004இல் ஜி.பி.எல். உரிமத்தில் வெளியிட்டது. ஆனால் எழுத்துரு என்பது ஆவணத்துக்குள்ளேயே போய் உட்காரும் பொருள். அதை உட்பொதித்த கடிதத்துக்கும் புத்தகத்துக்கும் ஜி.பி.எல். பொருந்துமா என்று கேள்வி வரும். 2011இல் அதை எழுத்துருக்களுக்கென்றே எழுதப்பட்ட ஓ.எஃப்.எல். உரிமத்துக்கு மாற்றினார்கள். உரிமை யாரிடம் என்று தெளிவாக இருந்ததால்தான் அப்படி மாற்ற முடிந்தது. என் 400 வரிக்கு அப்படி மாற்றித் தர ஆள் இல்லை.

பொதுவில் வைப்பது தமிழ்நாட்டுக்குப் புதுசு இல்லை. பாரதி இறந்தது 1921இல். அவர் பாட்டை ஊரெல்லாம் பாடியது, ஆனாலும் உரிமை தனியார் கைகளில்தான் இருந்தது. 1949இல் சென்னை அரசு அதை வாங்கி, 1950களின் நடுவில் எல்லோருக்கும் பொது என்று ஆக்கியது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், மக்கள் கவி என்று எல்லோரும் சொன்னதால் மட்டும் அது பொதுவாகவில்லை. உரிமை வைத்திருந்தவர்கள் எழுதிக் கொடுத்தார்கள், அரசு அறிவித்தது.

இனி சட்டத்தில் என்னை உண்மையிலேயே அதிரவைத்த இடம். பிரிவு 30: உரிமம் எழுத்தில் இருக்க வேண்டும். 2012க்கு முன்பு கையெழுத்தும் வேண்டும் என்றிருந்தது. பிரிவு 19: உரிமையை எழுதித் தரும்போது காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா என்றும் கொள்ளப்படும். பிரிவு 30அ இதே விதியைத் தேவையான மாற்றங்களோடு உரிமங்களுக்கும் பொருத்துகிறது. அதாவது "எடுத்துக்கோங்க" என்ற வரியை ஒரு உரிமம் என்றே வைத்துக்கொண்டாலும், அது இந்தியாவுக்குள் மட்டும், 2006 வரைக்கும்தான்! யாழ்ப்பாணத்திலோ சிங்கப்பூரிலோ இருப்பவருக்கு அது கிடையாது. அந்த நண்பர் மனசில் நிச்சயம் அப்படி நினைத்திருக்க மாட்டார்.

ஆளைக் கண்டுபிடிக்க முடியாத படைப்புகளுக்கு பிரிவு 31அ ஒரு வழி வைத்திருக்கிறது. விண்ணப்பம் போடலாம். ஆனால் அதற்கு முன் நாட்டின் பெரும்பகுதியில் விற்கும் ஆங்கில நாளிதழில் விளம்பரம் கொடுக்க வேண்டும். ஒரு தமிழ் எழுத்து மாற்றிக்காக இதை யார் செய்வார்கள், சொல்லுங்க.

நல்ல செய்தியும் உண்டு. பிரிவு 21இன்படி எழுதியவர் தன் உரிமையை மொத்தமாகக் கைவிடலாம். முன்பு பதிப்புரிமைப் பதிவாளருக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும். 2012 திருத்தத்துக்குப் பிறகு பொது அறிவிப்பே போதும். கைவிட மனசில்லை, பகிர்ந்தால் போதும் என்றால் ஆயத்த உரிமங்கள் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் எதற்கும் பயன்படுத்தட்டும், என் பெயர் மட்டும் இருக்கட்டும் என்றால் எம்.ஐ.டி. உரிமம். (எங்கள் ரயில் தடத்தில் எம்.ஐ.டி. என்றால் குரோம்பேட்டைதான், இது அமெரிக்க எம்.ஐ.டி.) மாற்றி வெளியிடுபவரும் அதே மாதிரி திறந்தே தர வேண்டும் என்றால் ஜி.பி.எல். அதன் 3ஆம் பதிப்பு பதிப்புரிமைக் காலம் முழுவதற்கும் செல்லும் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. அப்பாச்சி 2.0 உலகம் முழுக்க, நிரந்தரமாக என்கிறது. எம்.ஐ.டி. உரிமத்தில் காலத்தைப் பற்றிய பேச்சே இல்லை. நம் 5 ஆண்டு விதியைப் பார்த்த பிறகு இந்த வித்தியாசம் சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

தம்பி கடைசியில் என்ன செய்தார் என்று சொல்லி முடிக்கிறேன். திஸ்கி அட்டவணை வெளிப்படையானது. எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்பது வெறும் தகவல், அதற்குப் பதிப்புரிமை இல்லை. பழைய நிரலைப் பார்க்கவே பார்க்காத ஒரு மாணவியிடம் அந்த அட்டவணையை மட்டும் கொடுத்தார். அந்தப் பெண் இரண்டு வாரக் கடைசியில் புதிதாக எழுதிக் கொடுத்துவிட்டாள். ஜி.பி.எல். 3இல் வெளியிட்டிருக்கிறார்கள். நன்றாகவே ஓடுகிறது.

எனக்கு ஒன்றுதான் வருத்தம். அந்தக் கருவியில் மாணவியின் பெயர் இருக்கிறது, தம்பியின் பெயர் இருக்கிறது. 2001இல் ராத்திரி கண்விழித்து எழுதி, நண்பர்களே என்று கூப்பிட்டுக் கொடுத்தவரின் பெயர் இல்லை. அவர் வரிகளில் ஒன்றையும் எடுக்காததால், அதைப் போட அங்கே இடமும் இல்லை. உரிமம் என்பது பூட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கொடுத்தவரின் பெயரோடு கொடையையும் அடுத்த தலைமுறைக்குக் கூட்டிப்போக அவரிடம் இருந்த ஒரே வழி அதுதான்.

உங்கள் பழைய கோப்புறைகளிலும் இப்படி ஏதாவது இருக்கும். இன்றைக்கே திறந்து, பெயர், ஆண்டு, எந்த உரிமம் என்று மூணு வரி சேர்த்துவிடுங்கள். அந்த மூணு வரியை உங்களைத் தவிர வேறு யாராலும் எழுத முடியாது.