கவுண்டர் என்னும் பெயர்: கல்வராயன் மலையும் சபைப் பதிவேடும்

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே எழுந்து நிற்கும் கல்வராயன் மலையில் வாழும் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுவர். கேரள நாட்டாரோடு இவர்களுக்குத் தொடர்பில்லை. மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்பதே இச்சொல்லின் பொருள். தமிழே இவர்தம் மொழி. இம்மக்களின் ஆடவர் பெயர்களோடு வழிவழியாக இணைந்து வருவது 'கவுண்டர்' என்னும் பட்டம். இப்பெயர் எங்குத் தோன்றிற்று, என்ன பொருள் கொண்டிருந்தது, எவ்வாறு இத்துணைப் பரவிற்று என்பதை ஈண்டு ஆராய்வோம். ஞானஸ்நானப் பதிவேட்டிலும் திருமணப் பதிவேட்டிலும் பெயரெழுதும் பொறுப்புடைய நமக்கு இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று.

குடும்பப்பெயர் எல்லா நாடுகளிலும் ஒரே வழியில் பிறப்பதில்லை. தமிழ்த் திருச்சபையார் நன்கறிந்த பேராயர் கால்டுவெல் 1814ஆம் ஆண்டு அயர்லாந்தின் ஆன்ட்ரிம் வட்டாரத்தில் பிறந்தவர். அவர்தம் பெற்றோரோ ஸ்காத்லாந்தியர். கால்டுவெல் என்பது குளிர்ந்த ஊற்று எனப் பொருள்படும் ஓர் இடப்பெயர். ஆனால் அவர் பிறந்த மண்ணுக்கே உரிய ஐரிஷ் பெயர்கள் இடத்தைக் குறியாமல் முன்னோரைக் குறிப்பன. 'மாக்' என்பது மகன். 'ஓ' என்பது பெயரன். அந்நாட்டில் மிகப் பெருவழக்காயுள்ள மர்பி என்னும் பெயரின் பழைய வடிவம் 'ஓ மர்ஹதா' என்பதாம். கடல்வீரன் எனப் பொருள்படும் பெயருடைய ஒரு முன்னோனின் வழித்தோன்றல் என்பது அதன் கருத்து. பாட்டனின் பெயரைத் தாங்குவதாலேயே நம்மவர் மகன் வயிற்று மகனைப் பெயரன் என்றனர். ஐரிஷ் மக்களின் 'ஓ' நமக்கு அயலாகத் தோன்றாது.

கவுண்டர் என்னும் பெயரோ முன்னோனையும் குறிப்பதன்று, இடத்தையும் குறிப்பதன்று. அது ஒரு பதவியின் பெயர். கன்னட நாட்டு இடைக்காலக் கல்வெட்டுகளில் ஊர்த்தலைவர் 'காமுண்டர்' என்றும் 'காவுண்டர்' என்றும் குறிக்கப்படுகின்றனர். இச்சொல்லே சுருங்கிக் 'கௌட' என்றாயிற்று. கொங்குநாட்டுத் தமிழ்க் கல்வெட்டுகளில் 'காமிண்டன்' என்னும் வடிவம் வருகிறது. மகரம் வகரமாகத் திரிதல் திராவிட மொழிகளில் இயல்பாதலின், காமிண்டனும் கவுண்டனும் ஒரே சொல்லின் இரு நிலைகள் என்பது தெளிவு. சொல்லின் முதற்பகுதி ஊரைக் குறிக்கும் 'காம' என்னும் பிராகிருதச் சொல் என்றும், அது வடமொழிக் கிராமத்தின் திரிபு என்றும் அறிஞர் பலர் கருதுவர். ஊரைக் காப்பவன் என்று பொருள் கூறுவாரும் உளர். எவ்வாறாயினும், ஊர்ப்பொறுப்பு என்னும் கருத்தே இச்சொல்லின் உட்கிடை.

பதவி தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றபோது பட்டமும் உடன் சென்றது. தலைவனின் உறவினர் அதனைச் சூடினர். பின்னர் அவன் இனத்தார் அனைவருக்கும் அது உரியதாயிற்று. இவ்வாறே கொங்கு வேளாளர், வேட்டுவர், சேலம், தருமபுரி, திருவண்ணாமலைப் பகுதி வன்னியருள் ஒரு பகுதியார் ஆகிய பலரும் கவுண்டர் எனப்பட்டனர். ஒருவரோடொருவர் மணவுறவு கொள்ளாத இச்சமூகங்களுக்குப் பட்டம் மட்டும் பொதுவாயிற்று. ஆகவே, கவுண்டர் என்னும் பெயரைக் கொண்டு ஒருவரின் குலத்தைத் துணிதல் இயலாது.

மலையாளி மக்கள் தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர் என்று கூறுவர். பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்னும் உடன்பிறந்தார் மூவர் வெவ்வேறு மலைகளுக்குச் சென்று குடியேறினர் என்பது அவர்தம் மரபுக் கதை. எட்கர் தர்ஸ்டன் 1909ஆம் ஆண்டு வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளும் குடிகளும் பற்றிய ஏழு தொகுதி நூலிலும் இது இடம்பெற்றுள்ளது. கதையை வரலாறாகக் கொள்ளல் அரிதெனினும், சமவெளியாரின் பட்டம் மலைமேல் சென்ற வழியைப் பற்றி அம்மக்களே கொண்டுள்ள நினைவாக அதனை மதிக்கலாம்.

கல்வராயன் மலையில் இப்பெயருக்கு வேறொரு வரலாறும் உண்டு. சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்னும் பெயர்களால் வழங்கிய ஜாகீர்கள் மூன்று நெடுங்காலம் அம்மலையை ஆண்டுவந்தன. குடிகள் ஜாகீர்தாருக்கு வரி செலுத்தினர்; ஊதியமின்றி வேலையும் செய்தனர். நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழிந்தபின், 1976ஆம் ஆண்டிலேதான் அரசு இம்மலையைத் தன் நேரடி நிருவாகத்தில் எடுத்துக்கொண்டது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் நடுவண் சட்டம் நிறைவேறியதும் அவ்வாண்டிலேயே. இங்கு நாம் கருதற்பாலது ஒன்றுண்டு. வரி வாங்கியவரும் கவுண்டர். வரி கொடுத்தவரும் கவுண்டர். பட்டம் ஒன்றாயிருந்தும் நிலை ஒன்றாயிருக்கவில்லை. ஊர்ப்பொறுப்பைக் குறித்த சொல் ஒருபுறம் ஆட்சியுரிமையாகவும், மறுபுறம் பொருளிழந்த வெறும் விகுதியாகவும் பிரிந்துபோயிற்று.

கடல் கடந்த தமிழரிடையே இப்பெயர் மூன்றாவதொரு நிலையை அடைந்தது. நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரையிலும், ஃபிஜித் தீவுகளுக்கு 1879 முதல் 1916 வரையிலும் ஒப்பந்தக் கூலிகள் கொண்டுசெல்லப்பட்டனர். ஃபிஜிக்குச் சென்னையிலிருந்து கப்பல்கள் செல்லத் தொடங்கியது 1903இல். அந்நாடுகளில் நாயுடு, பிள்ளை, ரெட்டி என்பன போலக் கவுண்டர், கவுண்டன் என்பனவும் ஐரோப்பிய முறையில் குடும்பப்பெயர்களாக நிலைத்தன. மகளிரும் அவற்றைத் தாங்குகின்றனர். ஆனால் கப்பலிலும் கரும்புத் தோட்டத்திலும் சாதிக் கட்டு பெரிதும் தளர்ந்துபோயிற்று. பெயர் எஞ்சியது, அதனைத் தாங்கிநின்ற அமைப்பு எஞ்சவில்லை. தாய்நாட்டிலோ இதற்கு மறுதலையாக நிகழ்ந்தது. 1929ஆம் ஆண்டு செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விட்டொழிக்க வேண்டுமெனத் தீர்மானித்தது. அதன்பின் தமிழர் பலர் பட்டத்தை நீக்கித் தந்தையின் முதலெழுத்தை மட்டும் கொண்டனர். பெயரிலிருந்து மறைந்த சாதி மணப்பந்தலில் மறையவில்லை என்பதை நாம் நன்கறிவோம்.

திருச்சபையும் இவ்வினாவுக்கு விலக்கன்று. 1833இல் பேராயர் தானியேல் வில்சன், சபைகளில் சாதி வேற்றுமை அறவே ஒழியவேண்டுமெனச் சுற்றறிக்கை விடுத்தார். தஞ்சையில் பலர் அதனை ஏற்க மறுத்தனர். லைப்சிக் மிஷனின் இயக்குநர் கார்ல் கிரவுல் சாதியை ஒரு சமூக ஒழுங்காகக் கருதிப் பொறுத்துக்கொள்ளும் நிலையை எடுத்தார். அதனை ஏற்க இயலாத ஆக்ஸ் என்னும் மிஷனரி அம்மிஷனை விட்டு விலகி, 1860களின் தொடக்கத்தில் தென்னாற்காட்டுப் பட்டாம்பாக்கத்தில் புதியதொரு பணியைத் தொடங்கினார். டேனிஷ் மிஷன் அவரோடு இணைந்தது. அப்பணியின் வழியில் வந்ததே ஆற்காடு லுத்தரன் திருச்சபை. ஆகவே, பழைய தென்னாற்காட்டைச் சேர்ந்த கள்ளக்குறிச்சிப் பகுதியில் ஊழியம் செய்வோருக்குச் சாதியும் பெயரும் பற்றிய வினா, அவ்வட்டாரச் சபை வரலாற்றின் தொடக்கத்திலேயே எழுந்த வினாவாகும்.

இன்று இதன் பயன் என்ன? கள்ளக்குறிச்சி 2019இல் தனி மாவட்டமாயிற்று. மலையாளிகள் சட்டப்படி பட்டியல் பழங்குடியினர். மலையிலிருந்து பள்ளிக்கு வரும் சிறுவனின் பெயரோடு உள்ள கவுண்டர் என்னும் பட்டத்தைச் சமவெளியாரின் பட்டமென்று கருதி, அவன் பழங்குடியான் அல்லன் என முடிவுசெய்தல் வரலாற்றுக்கு முரணானது. அவன் உரிமைக்கும் கேடானது. சான்று கேட்டு நம்மிடம் வரும் பெற்றோருக்கு இதனை விளக்கிச் சொல்லவும், தேவையெனில் அலுவலர்க்கு எழுதித் தரவும் நாம் ஆயத்தமாயிருத்தல் வேண்டும்.

பழைய பதிவேடுகளைப் படியெடுப்போர் பட்டங்களை நீக்காது உள்ளவாறே எழுதுதல் நன்று. நீக்கினால் வரலாறு அழியும். புதிய பதிவிலோ தந்தை பெயர், தாய் பெயர், ஊர் ஆகிய மூன்றும் போதும். பட்டத்தையும் சேர்த்தெழுதும்படி ஒருவர் வற்புறுத்துவாராயின், அச்சொல் முதலில் ஊருக்காகச் சுமந்த பொறுப்பின் பெயர் என்பதை அவருக்கு எடுத்துரைப்போம்.