நிலவின் மீது பழி! ஏழையின் மீது பளு!

சிறுசேரி! செங்கற்பட்டு மாவட்டத்துச் சிற்றூர். இன்று சிப்காட் பூங்காவால் உலகறிந்த பேரூர். கண்ணாடி மாளிகைகள் கதிரவனைக் கண்டு நகைக்கின்றன. ஆயிரக்கணக்கில் இளைஞர்கள் கணிப்பொறி முன் அமர்ந்து, கடல்கடந்த நாடுகளின் கணக்குகளை நொடியில் தீர்க்கின்றனர். அறிவின் ஆற்றல்! அதனை மறுப்பார் இல்லை.

அந்த மாளிகைகளின் நிழல் விழும் தெருவொன்றிலே ஓர் ஏழைத்தாய் இருப்பதாக எண்ணிப் பாருங்கள், தோழர்களே! அவள் மகனுக்கு மனநோய். இரவெல்லாம் உறங்கான், இல்லாத குரல் கேட்பான், எவரோ தன்னைத் தொடர்வதாக அஞ்சி, கதவை இழுத்துப் பூட்டுவான். அரசு உதவித்தொகை தருகிறது என்று அவள் கேள்விப்பட்டாள். கேட்கப் போனாள். "மருத்துவச் சான்று வேண்டும், ஆதார் வேண்டும், வங்கிக் கணக்கு வேண்டும், விண்ணப்பம் வேண்டும், மகனை மருத்துவர் முன் நேரில் நிறுத்தவும் வேண்டும்" என்ற பதில் கிடைத்தது. வீட்டைவிட்டு வெளியேற அஞ்சுபவன் கேளம்பாக்கம், திருப்போரூர் வழியே பேருந்தேறிச் செங்கற்பட்டுக்கு வரவேண்டுமாம், 'நான் வெளியேற அஞ்சுகிறேன்' என்று மெய்ப்பிப்பதற்கு!

கால் இழந்தவனிடம், 'ஓடிவந்து காட்டு, பிறகு ஊன்றுகோல் தருகிறோம்' என்று கூறுவோமா? கூறமாட்டோம். மனம் நொந்தவனிடம் மட்டும் ஏன் கூறுகிறோம்? இந்தக் கேள்விக்கு விடை காண வேண்டுமானால், வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்த்தாக வேண்டும்.

1794. கும்பெனி ஆட்சிக்காலம். வாலன்டைன் கொனலி எனும் அறுவை மருத்துவர், சென்னையில் மனநோயாளருக்கென ஒரு விடுதியைத் தொடங்கினார். இன்று கீழ்ப்பாக்கத்தில் நாம் காணும் மனநல மருத்துவமனையின் வேர் அங்கேதான் இருக்கிறது. 1871இல் கீழ்ப்பாக்கத்து லோகாக் தோட்டத்திற்கு அது இடம் மாறிற்று. கட்டடம் மாறியது, கருத்து மாறிற்றா? அடைத்து வைத்தல், அடங்க வைத்தல், ஊர் கண்ணிலிருந்து மறைத்து வைத்தல் என்பதே அந்நாளைய கருத்து.

1858இல், கும்பெனியிடமிருந்து முடியாட்சி பொறுப்பேற்ற அதே ஆண்டில், மூன்று சட்டங்கள் பிறந்தன. மூன்றும் மனநோயாளரைப் பற்றியவை. அவற்றுள் இரண்டு, உயர்மன்றங்களும் மாவட்ட மன்றங்களும் மனநோயாளரின் சொத்தை எவ்வாறு விசாரித்து எவரிடம் ஒப்படைப்பது என்று விரித்துரைத்தன. மூன்றாவது, விடுதிகளைப் பற்றியது. தெருவில் திரிபவரைப் போலீசார் பிடித்து நீதிபதிமுன் நிறுத்தவும், நீதிபதி விடுதிக்கு அனுப்பவும் வழிசெய்தது. பாருங்கள் பங்கீட்டை! சொத்துள்ளவனுக்கு இரண்டு சட்டம். சோறற்றவனுக்கு ஒரு பூட்டு!

1912இல் வந்தது 'இந்திய லூனசி சட்டம்'. அந்தச் சொல்லின் பிறப்பைக் கேளுங்கள், சிரிப்பும் வரும், சினமும் வரும். 'லூனா' என்றால் இலத்தீனில் நிலா. நிலவு வளர்வதாலும் தேய்வதாலும் மனிதனுக்குப் பித்துப் பிடிக்கிறது என்று அந்நாளைய ஐரோப்பா நம்பிற்று. பாமரன் நம்பியதைப் பாராளும் மன்றமும் சட்டப் புத்தகத்தில் பொறித்தது. நம் நாட்டார் பேய் என்றனர். வெள்ளையர் நிலா என்றனர். இருவரும் மூளையைப் பார்க்க மறந்தனர்!

1947இல் விடுதலை வந்தது. லூனசி சட்டம் போகவில்லை. 1950இல் குடியரசு மலர்ந்தது. அது போகவில்லை. 1969இல் மனிதன் நிலவிலேயே காலடி வைத்தான். அங்கே கல்லும் மண்ணும் கண்டானேயன்றிப் பித்துப் பிடிக்க வைக்கும் மாயம் எதையும் கண்டானில்லை. அப்போதும் நம் நாட்டுச் சட்டம் நிலவின் மீதே பழி போட்டுக்கொண்டிருந்தது! 1987இல் மனநலச் சட்டம் இயற்றி, 1993இல் அதனை நடைமுறைக்குக் கொண்டுவந்த பிறகே அந்தச் சொல் சட்ட ஏட்டிலிருந்து நீங்கிற்று.

அடைத்து வைக்கவாவது இடம் இருந்ததா? 1946இல் அறிக்கை தந்த போர் குழு கணக்கெடுத்துப் பார்த்தது. இங்கிலாந்தில் ஏறத்தாழ 300 பேருக்கு ஒரு மனநோய்ப் படுக்கை. இந்தியாவில் ஏறத்தாழ 40,000 பேருக்கு ஒன்று! எஞ்சியோர் எங்கே இருந்தனர்? வீட்டின் பின்கட்டில், கோயில் மண்டபத்தில், தர்கா வாயிலில், தெருவோரத்தில் இருந்தனர்.

மருத்துவம் முன்னேறிற்று, மறுப்பதற்கில்லை. 1952இல் குளோர்புரோமசின் எனும் மருந்து மனநோய் மருத்துவத்தில் புகுந்தது. பூட்டிய கதவைத் திறக்கும் சாவிகளில் ஒன்றாயிற்று. 1961 முதல் 1978 வரை கீழ்ப்பாக்கத்துக்குத் தலைமை தாங்கியவர் டாக்டர் சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று போற்றப்படுபவர். 1984இல் ஸ்கார்ஃப் நிறுவனத்தைக் கண்டவரும் அவரே. 1993இல் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயகுமார் எனும் இளம்பெண்கள் இருவர், தெருவில் திரிந்த மனநோயுற்ற பெண்களுக்காகச் சென்னையில் 'பான்யன்' இல்லத்தைத் தொடங்கினர். அதன் பணி பின்னர், சிறுசேரிக்கு அண்மையிலுள்ள கோவளம் கடற்கரைக்கும் விரிந்தது. நோயாளி ஊரைவிட்டு ஓடவேண்டாம், ஊருக்கே மருத்துவம் வரலாம் என்பதற்கு அக்கடற்கரை சான்று.

மருந்து வந்தது, சரி. வயிற்றுக்கு?

1962இல் சென்னை மாநிலத்தில் முதியோர் ஓய்வூதியம் தொடங்கிற்று. ஆதரவற்றோர்க்கு மாதம் 20 ரூபாய். 1974இல் ஆதரவற்ற ஊனமுற்றோர்க்கும் ஓய்வூதியம் வந்தது. வரவேற்கத்தக்க திட்டந்தான். ஆனால் அதன் பெயரைக் கவனியுங்கள்: 'உடல்' ஊனமுற்றோர்! கண்ணுக்குத் தெரியும் குறைக்குக் காசு; கண்ணுக்குத் தெரியாத குறைக்கு? அன்றைய ஏடுகளில் அதற்கொரு பெயரே இல்லை. பெயரில்லாதவனுக்குப் பங்கு எங்கே கிடைக்கும்?

1995இல் மைய அரசு இயற்றிய ஊனமுற்றோர் சட்டத்தில்தான் ஏழு வகைகளுள் ஒன்றாக மனநோய் இடம்பெற்றது. பந்தியில் இலை போட்டனர், பரிமாறினரா? அச்சட்டம் அரசு வேலைகளில் ஒதுக்கிய 3 விழுக்காட்டில் மனநோயாளருக்குப் பங்கில்லை. ஊனத்தை அளக்க அளவுகோலும் இல்லை. அளக்காமல் சான்றிதழ் ஏது? சான்றிதழின்றி உதவி ஏது?

அந்த இடைவெளியிலேதான் ஏர்வாடி நடந்தது.

2001 ஆகஸ்டு 6. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. தர்காவை நாடி வந்த மனநோயாளரைக் காசு வாங்கிக்கொண்டு அடைத்து வைத்த தனியார் விடுதி ஒன்றின் கூரைக்கொட்டகை தீப்பற்றிற்று. உள்ளே இருந்தோர் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தனர். ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர்! நாடு பதறிற்று, உச்சநீதிமன்றம் தானே முன்வந்து விசாரித்தது. அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டவர் யார்? கொடியவர்களா? அல்ல, பெரும்பாலும் பெற்றோர், உடன்பிறந்தோர். அருகில் மருத்துவமில்லை, கையில் பொருளில்லை, வேலைக்குப் போனால் காவலுக்கு ஆளில்லை என்ற நிலையில் வந்தவர்கள். அறியாமை அவர்களை அழைத்துச் சென்றது என்பது பாதி உண்மை. வறுமை அவர்களைத் தள்ளிற்று என்பது மறு பாதி. மூடநம்பிக்கையைச் சாடும் நாம், அந்த மறுபாதியை மறந்தால் நம் சாடலும் பாதிப்பணியே ஆகும்.

ஏர்வாடித் தீ அணைந்து ஆறு மாதங்களுக்குப் பின், 2002இல், அளவுகோல் அரசிதழில் வந்தது. இந்திய மனநல மருத்துவர் சங்கம் ஆக்கித் தந்த அதன் பெயர் 'ஐடியாஸ்'. தன்னைப் பேணுதல், பிறரோடு பழகுதல், பேச்சும் புரிதலும், வேலை ஆகிய நான்கினுக்கும் சுழி முதல் 4 வரை மதிப்பெண். நோய் நீடித்த ஆண்டுகளுக்கு 1 முதல் 4 வரை. மொத்தம் 20. அதில் 7 எடுத்தால் 40 விழுக்காடு ஊனம். வீட்டு வேலையையும் வேலை என்றே அது கணக்கிடுகிறது. அடுப்படியில் உழலும் பெண்ணுக்கு அது ஆறுதல்.

ஆனால் அளவுகோலின் மறுமுனையைப் பாருங்கள். மருந்துண்டு தேறியவன் குளித்துத் தலைவாரி மருத்துவர்முன் அமர்ந்து தெளிவாக விடை சொன்னால் மதிப்பெண் குறையும், உதவி போகும். உதவி போனால் மருந்துக்கும் பேருந்துக்கும் காசில்லை, நோய் திரும்பும். திரும்பினால் மதிப்பெண் கூடும்! நலம் பெறுவதற்குத் தண்டனை, நலிவதற்குப் பரிசு, இதுவா நீதி?

2009இல் மைய அரசு இந்திராகாந்தி பெயரால் ஊனமுற்றோர் ஓய்வூதியம் தொடங்கியது. 2012 முதல் அதன் பங்கு மாதம் 300 ரூபாய். ஆனால் 80 விழுக்காடு ஊனம் வேண்டும், வறுமைக்கோட்டிற்குக் கீழும் இருக்க வேண்டும் என்பது விதி. 2016ஆம் ஆண்டின் உரிமைச் சட்டமோ 40 விழுக்காட்டையே வரையறையாகக் கொள்கிறது. 40க்கும் 80க்கும் இடையே உள்ளவன் சட்டத்தின் கண்ணில் ஊனமுற்றவன்; மைய அரசின் கருவூலத்தின் கண்ணில் நலமுடையவன்! தமிழக அரசு தன் திட்டத்தில் 40 விழுக்காட்டையே எல்லையாகக் கொண்டது. 2023இல் தொகையை 1,500 ரூபாயாகவும் உயர்த்தியது. அதே ஆண்டில் முதியோர் ஓய்வூதியம் 1,200 ரூபாய் ஆயிற்று. ஊனமுற்றோர்க்கான உதவி பிறர்க்குள்ளதைவிட 25 விழுக்காடேனும் கூடுதலாக இருக்கவேண்டும் என்கிறது 2016 சட்டத்தின் 24ஆம் பிரிவு. கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,200க்கு மேல் 25 விழுக்காடு, சரியாக 1,500! சட்டம் கேட்ட அளவு அது. ஆனால் ஒருவன் உண்டு உயிர்வாழக் கேட்கும் அளவு ஆகுமா?

"மேனாடுகளில் எல்லாம் செம்மையாக நடக்கிறது" என்று மயங்குவோரும் உண்டு. அமெரிக்காவில் 1981 முதல் ஊன உதவி பெறுவோரை மறுஆய்வு செய்து, இலட்சக்கணக்கானோரை நீக்கினர். நீக்கப்பட்டோரில் மனநோயாளர் மிகுதி. நாடு கொதித்தது, 1984இல் சீர்திருத்தச் சட்டம் வந்தது. 1986இல், மனநோயாளரை நீக்குவதற்குக் கையாளப்பட்ட மறைமுக விதி ஒன்றை முன்னிட்டு, முறையீட்டுக் கெடு தவறியோர்க்கும் வழக்காடும் உரிமை உண்டு என்று அந்நாட்டு உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறைத்து வைத்த விதியை எவன் அறிவான், எவன் குறித்த நாளுக்குள் எதிர்ப்பான்? இங்கிலாந்தில் 2013இல், வேலைத்திறன் சோதனை மனநோயாளருக்குப் பெரும் பாதகமாய் அமைந்துள்ளது என்று தீர்ப்பாயமும், அதன்பின் மேல்முறையீட்டு நீதிமன்றமும் கூறின. காரணம் எளியது: தன் நோய்க்கான ஆதாரத்தைத் தானே திரட்டித் தானே எடுத்துரைக்கும் ஆற்றலை அந்த நோயே பறித்துவிடுகிறது!

அந்தத் தீர்ப்புகளின் கருத்து சிறுசேரித் தாய்க்கும் பொருந்தும். செங்கற்பட்டு அலுவலகத்திற்கும் பொருந்தும்.

சட்டம் இன்று நம் பக்கம் சாய்ந்திருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ளது. சங்கிலியிடுதலை அது அறவே தடுக்கிறது. சமுதாயத்தோடு கூடி வாழும் உரிமையைத் தருகிறது. தன் சார்பில் பேச ஒருவரைத் தானே நியமித்துக்கொள்ளும் உரிமையைத் தருகிறது. 1858இல் தெருவில் திரிபவனைப் பிடித்து அடைக்கச் சொன்ன சட்டம் எங்கே. அவனைக் காவல் கொட்டடியில் வைக்கக்கூடாது, 24 மணி நேரத்துக்குள் மருத்துவ நிலையம் சேர்க்க வேண்டும் என்னும் இன்றைய சட்டம் எங்கே! 2016 சட்டம், அரசு வேலையின் 4 விழுக்காட்டில் மனநோயாளருக்கும் இடம் தருகிறது. 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, ஊனமுற்றோர்க்கு வழக்கறிஞர் உதவி இலவசம்.

ஏட்டில் உள்ளது வீட்டுக்கு வரவேண்டும். யார் கொண்டுவருவது?

தோழனே, நீதான்! மேடையில் பேய் இல்லை என்று முழங்குகிறாய், நன்று. பேய் இல்லை என்று கேட்டுத் தெளிந்த தாய், மறுநாள் காலை விண்ணப்பத்தோடு நிற்கிறாள். அவளிடம், 'மந்திரவாதியிடம் போகாதே' என்றாயே. 'வா, மருத்துவரிடம் நான் உடன் வருகிறேன்' என்றாயா? மந்திரவாதி சான்றிதழ் கேட்பதில்லை, விழுக்காடு கேட்பதில்லை, 'அடுத்த மாதம் வா' என்பதில்லை. அதனால்தான் அவன் வாயிலில் கூட்டம்! அறிவின் வாயிலை அதைவிட அகலமாகத் திறந்தாலொழிய அந்தக் கூட்டம் கலையாது.

ஆகவே படிப்பகம்தோறும் ஒரு மேசை போடுங்கள். படிவம் நிரப்பித் தாருங்கள். சான்றிதழின் கெடுநாளைக் குறித்துவைத்து, அது முடியுமுன் நினைவூட்டுங்கள். சோதனை முகாமைச் செங்கற்பட்டோடு நிறுத்தாமல் சிற்றூருக்குக் கொண்டுவரக் கோருங்கள். மைய அரசின் 80, 40 ஆகட்டும் என்று முழங்குங்கள். தேறியவனின் உதவியை ஒரே நாளில் வெட்டாதே, அவன் வேலையில் ஊன்றும்வரை தொடர்க என்று வாதாடுங்கள்.

கணிப்பொறிக் கூடங்கள் கண்காணா நாட்டாரின் கணக்கை ஒரு நொடியில் சரிபார்க்கும் சிறுசேரியிலே, ஒரு தாயின் விண்ணப்பம் மட்டும் ஏன் மாதக்கணக்கில் கிடக்கவேண்டும்? நிலவின் மீது போட்ட பழியை நீக்க 1912 முதல் 1993 வரை எண்பத்தோராண்டு ஆயிற்று. ஏழையின் மீது வைத்த பளுவை நீக்க அத்தனை ஆண்டு காத்திருக்க அவளால் இயலாது. நாம் காத்திருப்பதும் நெறியாகாது!