பெருந்தொற்றும் குழந்தை வதையும்: பினாங்கு

கொரோனா பரவலால் மலேசியாவில் 2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தது. பினாங்கிலும் பள்ளிகள் மூடப்பட்டன. தேர்வு வகுப்பினரே முதலில், ஜூன் 24இல் திரும்பினர். வேலையிழப்பும் இடநெருக்கடியும் வீட்டுக்குள் கோபத்தை வளர்த்த வேளையில், காயத்தைக் கவனிக்கக்கூடிய ஆசிரியரும் உறவினரும் விலகிப்போயினர். ஆகவே இக்காலப் புகார் எண்ணிக்கையை வதையின் அளவாகக் கொள்வது பிழை. புறக்கணிப்பு இன்னும் எளிதில் மறையும்; பசிக்குத் தழும்பில்லை. 2001ஆம் ஆண்டுக் குழந்தைச் சட்டம் மருத்துவர், குடும்பத்தார், குழந்தைப் பராமரிப்பாளர் ஆகியோருக்குப் புகார் செய்வதைக் கடமையாக்குகிறது. முடக்கத்தில் குழந்தையை அன்றாடம் கண்டவர்களோ பெரும்பாலும் குடும்பத்தாரே. அரசின் தாலியான் காசே 15999 உதவித் தொலைபேசி எண்ணும், 1985இல் தொடங்கப்பட்ட பினாங்கின் டபிள்யூ.சி.சி. மகளிர் மையமும் உதவிக்கு உண்டு. ஆனால் மலிவுவிலை அடுக்குமாடியில், அடித்தவர் அருகிலிருக்க, குழந்தை எப்படித் தொலைபேசியை எடுக்கும்?