விமானி வேலை நிலையானதா? – ஒரு வரலாற்றுப் பார்வை



ஆறாம் ஆண்டு மாணவர்களிடம் 'என் இலட்சியம்' என்று ஒரு கட்டுரைத் தலைப்பைக் கொடுத்துப் பாருங்கள். மருத்துவர், வழக்கறிஞர், ஆசிரியர் என்ற வரிசையில் விமானியும் தவறாமல் வந்துவிடுவார். பல்லாண்டுகளாக அத்தகைய கட்டுரைகளைத் திருத்தி வருகிறேன். விமானியாக விரும்புவதாக எழுதிய மாணவனுக்குச் சிவப்பு மையால் 'நன்று' என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆனால், அந்தத் தொழிலைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று என்னை நானே கேட்டுக்கொண்டதில்லை.

அண்மையில் கேட்டுக்கொள்ள வேண்டிய நிலை வந்தது. முன்னாள் மாணவன் ஒருவனின் தந்தை என்னைத் தேடி வந்தார். அவர் லாரி ஓட்டுநர். மகன் எஸ்.பி.எம். தேர்வை நன்றாக எழுதி முடித்திருந்தான். தந்தையின் கையில் விமானப் பயிற்சிக் கழகம் ஒன்றின் வண்ணத் துண்டறிக்கை இருந்தது.

"சார், வீட்டைப் பேங்கில் வைத்தால் பணம் கிடைத்துவிடும். பையன் பைலட் ஆகிவிட்டால் நாலைந்து வருசத்தில் மீட்டுவிடலாம்தானே? நீங்கள் சொன்னால் செய்கிறேன்" என்றார்.

'நீங்கள் சொன்னால்' என்ற அந்தச் சொல் என்னை உறுத்தியது. ஒரு வாரம் தவணை கேட்டேன். அந்த ஒரு வாரத்தில் தேடிப் படித்தவற்றையே இங்கு எழுதுகிறேன்.

ஐவர் இருவரான கதை

இரண்டாம் உலகப் போருக்குப் பின் கடல் கடந்து பறந்த பெரிய விமானங்களின் முன்னறையில் ஐவர் வரை அமர்ந்திருந்தனர். விமானி, துணை விமானி, வானொலி இயக்குநர், விண்மீன்களையும் வரைபடங்களையும் கொண்டு வழி கணிக்கும் நேவிகேட்டர், இயந்திரங்களைக் கண்காணிக்கும் விமானப் பொறியாளர் ஆகியோரே அந்த ஐவர். ஐந்துமே மதிப்பும் நல்ல ஊதியமும் உடைய பணிகள்.

குரல்வழி வானொலித் தொடர்பு மேம்பட்டதும் முதலில் வானொலி இயக்குநருக்கு வேலை இல்லாமற் போயிற்று. 1970-ஆம் ஆண்டு வாக்கில் தானே வழி கணிக்கும் கருவிகள் வந்தன. நேவிகேட்டர் விடைபெற்றார். விமானப் பொறியாளரின் இருக்கையைப் பற்றி அமெரிக்காவில் பெரும் வழக்காடல் நடந்தது. இருவர் இயக்கும் விமானமும் பாதுகாப்பானதே என்று 1981-இல் அந்நாட்டு அதிபர் அமைத்த குழு முடிவு கூறியது. 1989-இல் சேவைக்கு வந்த போயிங் 747-400 விமானத்தில் பொறியாளருக்கு இருக்கையே இல்லை. நம் மலேசிய விமான நிறுவனமும் சிங்கப்பூர் விமான நிறுவனமும் அவ்விமானத்தைப் பல்லாண்டுகள் இயக்கின.

அந்த மூவகைப் பணியாளரும் திறமைக் குறைவால் வேலை இழக்கவில்லை என்பதை நாம் கருத வேண்டும். அவர்கள் செய்த வேலையே மறைந்துவிட்டது.

பணிமூப்பு என்னும் ஏணி

எஞ்சிய இருவரின் நிலை என்ன? பெரும்பாலான விமான நிறுவனங்களில் விமானிக்கு ஒரு பணிமூப்பு எண் உண்டு. எந்த விமானத்தை ஓட்டுவது, எப்போது விடுப்பு எடுப்பது, எப்போது கேப்டன் ஆவது என்பவை பெரிதும் அந்த எண்ணைப் பொறுத்தவை. ஆட்குறைப்பு வந்தால் பெரும்பாலும் கடைசியில் சேர்ந்தவரே முதலில் வெளியேறுவார். அந்த எண்ணை வேறு நிறுவனத்துக்கு எடுத்துச் செல்லவும் முடியாது. இருபது ஆண்டு அனுபவம் உள்ளவரும் புதிய நிறுவனத்தில் ஏணியின் கீழ்ப்படியில் நிற்க நேரிடலாம்.

1978-இல் அமெரிக்க அரசு விமானக் கட்டணங்களின்மீதும் தடங்களின்மீதும் இருந்த கட்டுப்பாட்டை விலக்கியது. பயணச் சீட்டு மலிவானது, போட்டி கடுமையானது. 1927-இல் தோன்றி உலகப் புகழ்பெற்ற பான் ஆம் நிறுவனம் 1991 டிசம்பரில் மூடப்பட்டது. அதே ஆண்டின் தொடக்கத்தில் ஈஸ்டர்ன் நிறுவனமும் மறைந்தது. ஏணியே சாய்ந்துவிட்டால் மேற்படியில் நின்றவருக்குத்தான் அடி பலம்.

2009 சனவரியில் ஹட்சன் ஆற்றில் விமானத்தை இறக்கி, அதில் இருந்த 155 பேரையும் உயிருடன் மீட்ட கேப்டன் சல்லன்பர்கரை நாம் அறிவோம். அடுத்த மாதமே அவர் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின்முன் சாட்சியம் அளித்தார். தம் ஊதியம் 40 விழுக்காடு குறைக்கப்பட்டதையும் ஓய்வூதியத் திட்டம் கைவிடப்பட்டதையும் கூறினார். தம் பிள்ளைகள் இத்தொழிலுக்கு வர வேண்டும் என விரும்பும் விமானி ஒருவரையும் தாம் அறியவில்லை என்றும் சொன்னார். உலகமே வீரர் என்று போற்றிய நேரத்தில் அவர் பேச விரும்பியது இதைத்தான்.

நம் வட்டாரத்தில்

நம் வட்டார வான்சேவை 1947-இல் சிங்கப்பூரின் கல்லாங் நிலையத்திலிருந்து, ஐந்து பயணிகளை ஏற்றும் சிறு விமானத்தோடு தொடங்கியது. மலாயன் ஏர்வேய்ஸ் என்ற அந்நிறுவனமே பின்னர் வளர்ந்து, 1972-இல் இரு நாடுகளின் இரு நிறுவனங்களாகப் பிரிந்தது.

2014-இல் எம்.எச். 370, எம்.எச். 17 என்ற இரு பேரிடர்கள் நம் நாட்டு நிறுவனத்தைத் தாக்கின. 2015-இல் அது புதிய நிறுவனமாக மாற்றியமைக்கப்பட்டபோது, சுமார் 20,000 பணியாளர்களில் ஏறத்தாழ 6,000 பேர் வேலை இழந்தனர். அனைவரும் விமானிகள் அல்லர். ஆயினும் நிலையானது என நாம் நம்பிய நிறுவனம் அது.

2020-இல் கோவிட் பெருந்தொற்று வந்தது. ஹாங்காங்கின் கேத்தே டிராகன் நிறுவனம் அவ்வாண்டு அக்டோபரில் மூடப்பட்டது. சிங்கப்பூர் விமானக் குழுமம் சுமார் 4,300 பணியிடங்களை நீக்குவதாக அறிவித்தது. உலகெங்கும் விமானிகள் ஊதியமில்லா விடுப்பில் வீட்டில் இருந்தனர்.

மறுபக்கத்தையும் சொல்வது நேர்மை. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் உலக விமானத் துறை சுருங்கியபோதுதான், டோனி பெர்னாண்டஸ் குழுவினர் இரண்டு விமானங்களும் 4 கோடி ரிங்கிட் கடனும் கொண்டிருந்த ஏர் ஆசியாவை ஒரே ஒரு ரிங்கிட்டுக்கு வாங்கினர். அது வளர்ந்தபோது நம் இளையோர் பலருக்கு விமானி இருக்கை கிடைத்தது. கோவிட் தணிந்தபின், 2022 முதல் பல நிறுவனங்கள் விமானிகளைத் தேடி அலைந்தன. ஆக, இத்தொழில் அழிந்துவிடவில்லை. வாய்க்கால் நீர்போல் வற்றுவதும் பெருகுவதுமாக இருக்கிறது. பயிற்சி முடிந்து வெளிவரும் ஆண்டில் நீர் இருக்குமா என்பதைத்தான் எவராலும் முன்கூட்டிச் சொல்ல இயலாது.

அந்தத் தந்தைக்குச் சொன்னவை

ஒரு வாரம் கழித்து அவரும் மகனும் வந்தனர். நான் நான்கு செய்திகளைச் சொன்னேன்.

முதலாவது, கட்டணம் செலுத்தும் முன்பே முதல் நிலை மருத்துவச் சோதனையைச் செய்துவிடுங்கள். விமானி அச்சோதனையில் ஆண்டுதோறும் தேற வேண்டும். உடல்நிலை தவறினால் உரிமம் கையில் இருந்தும் பறக்க முடியாது.

இரண்டாவது, பயிற்சிக் கழகத்தை முடிப்பவரிடம் சுமார் 200 மணி நேரப் பறப்பு அனுபவமே இருக்கும். கேப்டனுக்குரிய உரிமத்துக்கு 1,500 மணி நேரம் வேண்டும். அதைச் சேர்க்க ஒரு நிறுவனம் வேலை தந்தாக வேண்டும். ஒவ்வொரு விமான வகைக்கும் தனிப் பயிற்சியும் தேர்வும் உண்டு. எனவே 'நாலைந்து ஆண்டில் மீட்டுவிடலாம்' என்பது வெறும் நம்பிக்கை, கணக்கு ஆகாது.

மூன்றாவது, நிறுவனமே ஆள் தேர்ந்தெடுத்துப் பயிற்சி தரும் திட்டம் அறிவிக்கப்படும்போது முயலுங்கள். அதற்குள் பொறியியலோ கணக்கியலோ விமானப் பராமரிப்போ ஒரு தகுதியைப் பெற்றுக்கொள்ளட்டும். வானம் மூடிய நாளில் அது சோறு போடும்.

நான்காவது, குடியிருக்கும் வீட்டை மட்டும் வைக்காதீர்கள்.

தந்தை நெடுநேரம் பேசவில்லை. "அப்படியென்றால் வேண்டாம் என்கிறீர்களா, சார்?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் மகன் முந்திக்கொண்டான். "இல்லைப்பா. சார் வீட்டைத்தான் வேண்டாம் என்கிறார்" என்றான். அவன் இப்போது விமானப் பராமரிப்புப் படிப்புக்கு விண்ணப்பித்திருக்கிறான். மருத்துவச் சோதனைக்கும் நாள் குறித்திருக்கிறான்.

இந்த ஆண்டும் 'என் இலட்சியம்' கட்டுரைகள் என் மேசைக்கு வந்தன. மூவர் விமானியாக விரும்பினர். வழக்கம்போல் 'நன்று' என்று எழுதினேன். அதன்கீழ், 'விமானியின் வேலையைப் பற்றி உனக்குத் தெரிந்த ஐந்து செய்திகளை எழுதி வா' என்றும் எழுதினேன்.