போர்ட்டிக்சனில் கடல் தெரியும் வீடு: விலை மலிவா இருக்கே, வாங்கலாமா?

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து கோலாலம்பூரிலிருந்து கிளம்பினால், சாலை நெரிசல் இல்லாத பட்சத்தில் ஒன்றரை மணி நேரத்தில் கடற்கரை. கிள்ளான் பள்ளத்தாக்கில் வளர்ந்த நம்மில் பலர் முதன்முதலாகக் கடலில் கால் நனைத்தது தெலுக் கெமாங்கில்தான். அங்கேயே ஒரு அடுக்குமாடி வீடு வாங்கிட்டா என்ன? வார இறுதிக்கு நமக்கு, மற்ற நாட்களில் வாடகைக்கு. தலைநகர் விலையோடு ஒப்பிட்டால் விளம்பரத்தில் வரும் தொகையும் கையைக் கடிக்காது.

ஆனால் கடலோர வீட்டில் விலை என்பது செலவின் ஆரம்பம்தான். எந்த வகை நிலத்தில் கட்டியிருக்கிறார்கள், கட்டடத்தை யார் எப்படிப் பராமரிக்கிறார்கள் என்ற இரண்டும் தெரியாமல் முன்பணம் கட்டக்கூடாது.

நிலப்பட்டாவில் என்ன இருக்கு?

கடற்கரையில் உள்ள பல அடுக்குமாடிகள் வர்த்தக நிலத்தில் எழுந்தவை. உள்ளே சமையலறை, படுக்கையறை எல்லாம் இருந்தாலும் சட்டத்தின் பார்வையில் அது சாதாரண வீடாக இல்லாமல் போகலாம். மதிப்பீட்டு வரி, தண்ணீர், மின்சாரக் கட்டணங்களை வர்த்தக விகிதத்தில் கட்ட வேண்டி வரலாம்.

புதிய திட்டத்தில் வாங்குகிறீர்களா? ஒப்பந்தம் ‘எச் அட்டவணை’ ஒப்பந்தமா என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள். 1966ஆம் ஆண்டு வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் அடுக்குமாடி வீடுகளுக்கான ஒப்பந்தம் அது. அதன்படி மேம்பாட்டாளர் 36 மாதங்களில் வீட்டை ஒப்படைக்க வேண்டும்; அதன் பிறகு 24 மாதங்களுக்குள் தெரியவரும் குறைகளைத் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். ஹோட்டல் அறை போன்ற ‘சூட்’ வாங்குபவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லாமல் போகலாம். ஏற்கனவே ஒருவர் வைத்திருந்த வீட்டை வாங்கினால் இந்த உத்தரவாதம் பெரும்பாலும் காலாவதியாகியிருக்கும்.

உப்புக் காற்றின் கணக்கு

கடற்காற்றில் வரும் உப்பு கான்கிரீட்டுக்குள் மெல்ல இறங்கும். உள்ளே இருக்கும் இரும்புக் கம்பி துருப்பிடித்துப் பருக்கும்; கான்கிரீட் வெடித்துத் துண்டு துண்டாக உதிரும். வீடு பார்க்கப் போகும்போது பால்கனியில் நின்று படம் எடுப்பதெல்லாம் சரி, கார் நிறுத்துமிடத்தின் மேற்கூரையையும் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். துருக்கறை வழிகிறதா? மின்தூக்கிக் கதவின் அடிப்பகுதி அரித்திருக்கிறதா? படிக்கட்டுக் கைப்பிடி எப்படி இருக்கிறது? புதுச் சாயம் பூசிய வரவேற்பறையைவிட இவை உண்மையைச் சொல்லும்.

இதையெல்லாம் சரிசெய்யும் பணம் எங்கிருந்து வரும்? 2013ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா மேலாண்மைச் சட்டப்படி ஒவ்வொரு உரிமையாளரும் மாதப் பராமரிப்புக் கட்டணமும், பெரிய பழுதுகளுக்காகச் சேர்த்துவைக்கும் ‘சிங்கிங் ஃபண்ட்’ தொகையும் கட்டியாக வேண்டும். இரண்டாவது, பொதுவாகப் பராமரிப்புக் கட்டணத்தில் 10 விழுக்காடு. சதுர அடிக்கு 35 சென் என்று வைத்துக்கொள்வோம். 900 சதுர அடி வீட்டுக்கு மாதம் 315 ரிங்கிட், அதோடு 31 ரிங்கிட் 50 சென். ஆண்டுக்கு 4,158 ரிங்கிட். நீங்கள் ஒரு நாள்கூடப் போய்த் தங்காவிட்டாலும் கட்டணும்.

சிக்கல் என்னவென்றால், விடுமுறைக் கட்டடங்களில் உரிமையாளர்கள் ஆளுக்கொரு ஊரில் இருப்பார்கள். கட்டணம் கட்டாதவர்கள் பெருகினால் நிதி வற்றும். முதலில் நீச்சல் குளம் மூடப்படும், பிறகு மின்தூக்கி நிற்கும். அதனால் நிர்வாகக் குழுவின் கணக்கறிக்கையையும், வாங்கப்போகும் வீட்டுக்கு நிலுவை உண்டா என்ற சான்றிதழையும் வழக்கறிஞர் மூலம் கேட்டு வாங்குங்கள். செவ்வாய்க்கிழமை இரவு ஒருமுறை போய், எத்தனை வீட்டில் விளக்கு எரிகிறது என்று எண்ணிப் பார்ப்பதும் நல்ல வழிதான்.

வாடகைக்கு விட்டுக் கடனைக் கட்டிடலாமே?

பல இளம் தம்பதிகளின் திட்டமே இதுதான். ஆனால் 2020இல் கூட்டரசு நீதிமன்றம், மொண்ட் கியாராவின் வெர்வ் சூட்ஸ் வழக்கில், குறுகிய கால வாடகையைத் தடுக்கும் உள்விதியை ஸ்ட்ராட்டா நிர்வாகக் கழகம் கொண்டுவரலாம் என்று தீர்ப்பளித்தது. இன்று ‘ஏர்பிஎன்பி’க்கு அனுமதி இருக்கும் கட்டடத்தில் நாளை பொதுக்கூட்டம் கூடி அதை மாற்றலாம். ஆகவே வாடகை வராவிட்டாலும் மாதத் தவணையைச் சம்பளத்திலிருந்து கட்ட முடியுமா என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மூன்றாவது வீட்டுக் கடனாக இருந்தால் வங்கி 70 விழுக்காடு வரைதான் தரும். மீதி உங்கள் கைப்பணம்.

தனி பங்களா என்றால்?

கடலை ஒட்டிய நிலத்துக்குத் தேசிய நிலச் சட்டத்தின் 49ஆவது பிரிவு பலருக்குத் தெரியாத ஒன்று. நிலத்தின் எல்லையே கரைக்கோடாக இருந்தால், கடல் அரித்து எடுத்த பகுதி மாநில அரசின் நிலமாகிவிடும். கடல் பின்வாங்கினாலும் அந்த மணல் உங்களுக்கு வராது. மணல் கடற்கரையில் கட்டடம் 60 மீட்டராவது தள்ளி இருக்கணும் என்பது வடிகால், நீர்ப்பாசனத் துறையின் வழிகாட்டி. பழைய பங்களாக்கள் பல அந்தக் காலத்திலேயே கட்டப்பட்டவை. சாதாரணத் தீக் காப்புறுதியில் வெள்ளம் அடங்காது. அதைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

பிடிக்கலேன்னா வித்துடலாமா? விற்கலாம். மலேசியக் குடிமகன் வாங்கிய 3 ஆண்டுகளுக்குள் விற்றால் லாபத்தில் 30 விழுக்காடு சொத்து லாப வரி. 4ஆவது ஆண்டில் 20, 5ஆவதில் 15, அதற்குப் பிறகு வரி இல்லை. குடியிருப்பு வீட்டுக்கு வாழ்நாளில் ஒருமுறை விலக்குக் கேட்கலாம், ஆனால் அதை விடுமுறை வீட்டுக்குப் பயன்படுத்திவிட்டால் குடியிருக்கும் வீட்டை விற்கும்போது அது கைவசம் இருக்காது.