உருபைத் தேடும் வகுப்பறை: அணி கற்பித்தலில் ஒரு வரிசை மாற்றம்

பள்ளித் தமிழ் வகுப்பில் அணி பெரும்பாலும் அடையாளம் காணும் பயிற்சியாகவே நடத்தப்படுகிறது. உவம உருபு வெளிப்பட்டு நின்றால் உவமையணி. மறைந்து நின்றால் எடுத்துக்காட்டு உவமையணி. நன்னூல் எடுத்துச் சொல்லும் பன்னிரண்டு உருபுகளையும் ஒப்பிக்கும் மாணவர், 'எந்த வகையில் இது அதைப் போன்றது?' என்று கேட்டால் தடுமாறுகிறார். பாடத்தின் வரிசையே இதற்குக் காரணம் என்பது என் கருத்து. ஒப்புமையின் அடிப்படையை முதலில் ஆராய வைத்து, அணியின் பெயரைக் கடைசியில் தருவதே முறை.

இதற்கான கருவி நம் இலக்கண மரபிலேயே இருக்கிறது. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் ஏழாம் இயலான உவமவியல், ஒப்புமை தோன்றும் இடங்களை வினை, பயன், மெய், உரு என நான்காக வகுத்துக்கொண்டே தொடங்குகிறது. புலி போலப் பாய்ந்தான் என்றால் ஒப்பு செயலில். மழை போன்ற கை என்றால் விளையும் பயனில். துடி போன்ற இடை என்றால் வடிவில். பொன் போன்ற மேனி என்றால் நிறத்தில். ஆனால், புலி போலப் பாய்ந்தவனுக்கு வரிகளோ வாலோ கிடையாது. எது ஒக்கிறது என்பதோடு எது ஒக்கவில்லை என்பதையும் மாணவரே பிரித்துச் சொல்ல இந்த நான்கு போதும். முப்பத்தைந்து பொருளணிகளை வகுத்த தண்டியலங்காரத்தின் வழியில் பெயர்ப்பட்டியல் பாடநூலில் நிலைத்தது. உவமவியலின் கேள்வி பின்னுக்குப் போனது.

'மலர்முகம்' உவமைத்தொகை, 'முகமலர்' உருவகம் என்பதை எல்லா வகுப்பிலும் சொல்கிறோம். உவமை முன்னால் வந்தால் ஒன்று, பின்னால் வந்தால் மற்றொன்று என்ற சூத்திரம் மதிப்பெண் வாங்கித் தரும். இந்த இடமாற்றத்தால் பொருளில் என்ன நேர்கிறது என்பதைச் சொல்லாது. தொடருக்குப் பின் ஒரு வினையைச் சேர்க்கச் சொல்லிப் பார்க்கலாம். மலர்முகம் சிரிக்கும், சிவக்கும்; அது இன்னும் முகமே. முகமலர் விரியும், கூம்பும், வாடும்; வினை பூவுக்குரியதாகிவிடுகிறது. இந்த இடத்தில் ஒரு மாணவராவது 'முகம் வாடியது என்று வீட்டிலேயே சொல்கிறோமே' என்று கேட்க வாய்ப்புண்டு. அந்தக் கேள்விதான் பாடத்தின் மையம். முகம் மலர்வது, கோபம் கொதிப்பது, மனம் உடைவது எல்லாம் உருவகம் என்ற நினைப்பே இல்லாமல் நாள்தோறும் நாம் பேசுபவை. மொழியியலாளர் லேக்காஃபும் தத்துவ அறிஞர் ஜான்சனும் 1980இல் வெளியிட்ட நூலில், உருவகம் கவிஞரின் அலங்காரம் மட்டுமன்று, அன்றாடச் சிந்தனையின் அமைப்பே என்று வாதிட்டனர். மாணவர் வெறுங்கையோடு வகுப்புக்கு வருவதில்லை என்பதே ஆசிரியருக்கு இதில் பயன்படும் செய்தி.

தொடர்புடைய இரண்டில் ஒன்றை மட்டும் உருவகித்து மற்றதை விட்டுவிடும் ஏகதேச உருவகத்தையும் இப்படியே அணுகலாம். பத்தாம் குறளில் பிறவி கடலாகிறது. இறைவனடி எதுவாகவும் ஆக்கப்படவில்லை. 'தெப்பமாக உருவகிக்கப்படாததால் ஏகதேசம்' என்று விடையை எழுதிப்போடுவதற்கு முன், விடுபட்ட இடத்தை மாணவரே நிரப்பட்டும். ஒருவர் தெப்பம் என்பார், ஒருவர் கரை என்பார். இரண்டில் எது பொருந்தும் என்ற விவாதத்திலேயே அணி விளங்கிவிடும்.

உவமையாக வரும் பொருளை மாணவர் பார்த்தே இராதபோது மேற்சொன்ன எதுவும் உதவாது. துடி என்னும் பறையைக் கண்டிராதவருக்கு அதன் நடுப்பகுதி சிறுத்திருப்பது தெரியாது. குறுந்தொகை நாற்பதாம் பாடலில் செம்மண்ணில் விழுந்த மழைநீர், காதலர் நெஞ்சக் கலப்புக்கு உவமையாகிறது. பாடியவர் பெயரே தெரியாமல், அந்த உவமையாலேயே அவரைச் செம்புலப்பெயனீரார் என்றது மரபு. 'இரண்டும் கலந்தன' என்று எழுதுவது பாதி விடை. நீர் மண்ணின் நிறத்தை ஏற்றுவிடுகிறது. முன்பு ஒன்றோடொன்று தொடர்பே இல்லாதவை சேர்ந்துவிட்டன. ஒரு கண்ணாடிக் குவளையில் செம்மண்ணும் தண்ணீரும் கொண்டுவருவது ஆசிரியருக்குப் பெரிய செலவில்லை. உவமையை மட்டும் சொல்லிப் பொருளைக் குறிப்பாக உணர்த்தும் உள்ளுறை உவமத்துக்கு, பொருளை நேரில் காட்ட வேண்டிய இந்தத் தேவை இன்னும் கூடுதல்; அது முழுக்கத் திணையின் கருப்பொருளை நம்பி நிற்கிறது.

பெயர்கள் இல்லாமல் எப்படித் திருத்துவது என்ற மறுப்பு நியாயமானதே. கலைச்சொற்கள் பொதுமொழியைத் தருகின்றன. அவற்றை நீக்கச் சொல்லவில்லை. ஆனால், அணியின் பெயருக்கு ஒரு மதிப்பெண், ஒப்புமை எதில் அமைகிறது, எங்கே நின்றுவிடுகிறது என்பதற்கு மூன்று மதிப்பெண் என்று வினாத்தாள் அமைப்போர் பிரித்துத் தர வேண்டும். தேர்வில் கேட்கப்படாததை நடத்த வகுப்பில் நேரம் ஒதுக்கப்படுவதில்லை.